சந்தியாகுவின் பேரன்

என் பேரனுக்குப் பெயர் வைத்தது நான். அந்த உரிமை எனக்கு இருக்கவில்லை. எடுத்துக்கொண்டேன்.

பெயர் யாகோவ். 2012இல் பிறந்தவன். பிறப்புச் சான்றிதழிலும் ஞானஸ்நானப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. கொழும்புத்துறையில் அந்தப் பெயரோடு வேறொரு பிள்ளையை நான் கண்டதில்லை. "நல்ல பேர் மாஸ்டர், வேதத்தில வாற பேர் என்ன?" என்று கேட்பார்கள். தலையை ஆட்டுவேன். எபிரேயத்தில் அதை எப்படி எழுதுவது, தொண்டைக்குள் எந்த இடத்தில் ஒலியை நிறுத்துவது என்று விளக்கத் தொடங்குவேன். அவர்கள் அவ்வளவுக்குக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பக்தியினால் வைத்த பெயர் என்று ஊர் நினைக்கிறது. நான் வெட்கத்தினால் வைத்தேன். வேறொரு பெயர் என் வீட்டுக்குள் வராமல் இருக்க வைத்தேன். அந்த வேறொரு பெயர் சந்தியாகு.

எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர் முன்னுக்கு நிற்கும். பிள்ளையின் பெயர் பின்னால் வரும். அடுத்த தலைமுறையில் முன்னுக்கு நின்றது கழன்றுவிடும். மகன் உள்ளவனுக்கு ஒரு தலைமுறைக்காவது பெயர் ஓடும். மகள் மட்டும் உள்ளவனுக்கு அதுவும் இல்லை. மகள் கலியாணம் முடித்தால் அவள் பெயருக்கு முன்னால் புருசனின் பெயர். அவள் பிள்ளையின் பெயருக்கு முன்னாலும் அதே புருசனின் பெயர். தாய்வழிப் பாட்டனின் பெயர் இன்னும் கொஞ்சக் காலம் இருக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான். பேரப்பிள்ளைக்கு அதையே வைக்க வேண்டும்.

சந்தியாகு என் மருமகளின் தகப்பன். நான் அவரைக் கண்டதில்லை. தாய்வழியில் குருநகர். யாகப்பர் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். யாகப்பருக்கு இன்னொரு பெயர் சந்தியாகு. அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். கொழும்புத்துறையில் பெண் எடுத்து இங்கேயே இருந்துவிட்டார். கடனீரேரியில் சிறகுவலை வைத்துப் பிழைத்தார். ஒரே ஒரு மகள். 1995 கடைசியில் இராணுவம் பட்டினத்தைப் பிடித்த பிறகு கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும். போகவும் நேரம், வரவும் நேரம். அப்படிப் பாஸ் எடுத்துக்கொண்டு போன ஒருநாள் அவர் திரும்பவில்லை. மகளுக்கு அப்போது பத்து வயதும் ஆகவில்லை. உடல் கிடைக்கவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை. கலியாணப் படம் 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலேயே போய்விட்டது. அடையாள அட்டையை அவர் கையோடு கொண்டுபோயிருந்தார். ஆகவே முகத்துக்குப் படமும் இல்லை.

நவம்பர் 2 எங்களுக்கு இறந்தவர்களின் நாள். சேமக்காலையில் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவோம். என் மருமகளும் தாயும் ஒவ்வொரு வருசமும் சேமக்காலைக்குப் போவார்கள். போய், நடுவிலே நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் திரியைக் கொளுத்திவிட்டு வருவார்கள். அவர்களுக்கென்று கழுவ ஒரு கல் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல இடமில்லை.

பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியால் வந்த கிழமை மருமகள் என்னிடம் ஒரு தரம் கேட்டாள். ஒரே ஒரு தரம்.

"மாமா, அப்பாட பேரை வைப்பமே?"

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. யோசிக்கிறவன் போல இருந்தேன். யோசிக்க எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெயர் வேண்டாம் என்று அவள் வாய் மூடுவதற்கு முன்னரே முடிவெடுத்திருந்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். சந்தியாகு என்ற பெயரில் எனக்கு மீன் மணத்தது.

என் தகப்பனும் கடலுக்குப் போனவர்தான். அவர் பெயர் சூசைப்பிள்ளை. அவர் என்னைப் படிப்பித்தார். நான் ஆசிரியரானேன். ஆன பிறகு, ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடும்போது தகப்பனுக்கு எஸ் வரவேண்டிய இடத்தில் ஜே போட்டேன். யாரும் கேட்டால் அப்பாவின் பெயர் ஜோசப் என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. சூசை என்பதும் ஜோசப் என்பதும் ஒரே பெயர். என் வாழ்க்கை முழுக்க இந்த மாதிரி உண்மைகளைச் சொல்லியே தப்பி வந்திருக்கிறேன்.

ஒரு பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது சந்தியாகு என்று ஒரு பொடியன் இருந்தான். வேறு ஊர், வேறு குடும்பம். கணக்கில் சுழியம் எடுத்த ஒருநாள் அவனை எழுப்பி விட்டு, "சந்தியாகு சந்தைக்குத்தான் ஆகும்" என்றேன். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல பகிடி என்று அன்று ஆசிரியர் அறையிலும் திருப்பிச் சொன்னேன். அடுத்த தவணை அவன் வரவில்லை. தொழிலுக்குப் போய்விட்டான் என்றார்கள். என் பகிடியால்தான் நின்றான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அதனால் நிற்கவில்லை என்று சொல்லவும் இல்லை.

மருமகள் கேட்டபோது எனக்கு அந்தப் பொடியன் ஞாபகம் வரவில்லை. அவன் பிறகுதான் வந்தான். அப்போது வந்தது ஞானஸ்நான விருந்துக்கு வரப்போகிறவர்களின் முகங்கள். என்னோடு படிப்பித்தவர்கள், ஓய்வுபெற்ற அதிபர்கள், கனடாவிலிருந்து வந்து நிற்கும் என் அண்ணன் குடும்பம். அவர்கள் முன்னால் தொட்டிலைக் காட்டி, இவர்தான் சந்தியாகு என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை. கனடாக்காரருக்கு வாயில் நுழையாது என்று எனக்கு நானே ஒரு சாட்டும் சொல்லிக்கொண்டேன். யாகோவ் மட்டும் எப்படி நுழையும் என்று நான் என்னைக் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் நான் எபிரேயம் பழகிக்கொண்டிருந்தேன். பழகினேன் என்பது பெரிய சொல். ஓய்வுபெற்ற பிறகு ஒரு ஆரம்பப் புத்தகத்தை வாங்கி எழுத்துக்களைப் பழகினேன். ஆலெஃப், பேத், கிமெல். வலமிருந்து இடம். எங்கள் ஊரில் சவேரியார் குருமடம் இருக்கிறது. அங்கே படித்த குருமாரோடு பேசும்போது நானும் ஒரு எபிரேயச் சொல்லை நடுவில் போடுவேன். அவர்கள் மரியாதைக்காகச் சிரிப்பார்கள். வியப்பு என்று நான் எடுத்துக்கொள்வேன். நல்லூர் ஞானப்பிரகாசர் சுவாமி சொற்களின் வேர் தேடி ஒப்பியல் அகராதி செய்தவர். அவர் வழியில் நானும் போகிறேன் என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். இருபது சொல்லுக்கு மேல் எனக்குத் தெரியாத காலம் அது.

அந்தக் கொஞ்ச அறிவு என் கண்ணை ஒரு விதமாகத் திருப்பியது. எங்கள் பழைய பெயர்களெல்லாம் எனக்குச் சிதைவாகத் தெரிந்தன. சந்தியாகு என்ன? யாகோவ் கிரேக்கத்தில் இயாகோபோஸ் ஆகி, லத்தீனில் இயாகோபுஸ் ஆகி, போர்த்துக்கேயர் வாயில் இயாகோ ஆகி, முன்னால் நின்ற புனிதர் பட்டத்தோடு ஒட்டிச் சந்தியாகு ஆனது. நான் இதைத் துரு ஏறிய பாத்திரம் போலப் பார்த்தேன். தேய்த்து உள்ளே இருக்கும் பொன்னை எடுக்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

உண்மையில் அந்தப் பெயர் வந்த வழியை எடுத்துச் சொன்னால் எந்தக் குடும்பமும் பெருமைப்படலாம். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினார்கள். கத்தோலிக்கக் குருமாரும் துரத்தப்பட்டார்கள். பூசை தடை. கோயில்கள் பறிபோயின. 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரன் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும் வரைக்கும் இங்கே சனத்துக்குக் குருவானவர் இல்லை. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் வைத்துப் புனிதராக உயர்த்தினாரே, அவர்தான். குருவும் கோயிலும் இல்லாத அந்தக் காலத்தில் விசுவாசம் எதில் இருந்தது? செபமாலையிலும் பெயரிலும் இருந்தது. சூசை, சந்தியாகு, மனுவேல், மிக்கேல், சுவக்கீன், அன்னம்மா. எல்லாம் எபிரேயத்திலிருந்து புறப்பட்ட பெயர்கள்தான். கரையோரச் சனம் அவற்றைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி வைத்துக்கொண்டது. வாயில் வைத்திருந்தபடியால்தான் அவை மிஞ்சின.

படித்தவர்கள் வேறு வழியில் போனார்கள். அது அழகான வழி. வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் ஆக்கினார். கடவுள் இன்னும் கூட்டித் தருவாராக என்ற எபிரேயப் பொருளுக்கு வளன். கடவுள் அருள் கூர்ந்தார் என்ற பொருளுள்ள யோகனானுக்கு அருளப்பர். எங்கள் அப்பா காலத்துச் செபப்புத்தகம் முழுக்க அருளப்பரும் இராயப்பரும் சின்னப்பரும்தான். 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு வந்த பிறகு அருளப்பர் யோவான் ஆனார், யாகப்பர் யாக்கோபு ஆனார். சனம் வாசிப்பில் யாக்கோபு என்று கேட்கிறது, நேர்த்தி வைக்கும்போது யாகப்பர் என்கிறது. ஒருவருக்கும் குழப்பம் இல்லை. எனக்கு மட்டும்தான் ஒன்று சரியாகவும் மற்றது பிழையாகவும் தெரிந்தது.

இனி அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன்.

விறாந்தையில் இருந்தோம். மருமகள் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். மகன் வாசற்படியில். நான் ஒரு கொப்பித் தாளில் நாலு எழுத்தை வரைந்து கொண்டுவந்து காட்டினேன். யோத், ஆயின், கோஃப், பேத். இதுதான் உன் தகப்பனின் பெயர் என்றேன். இதுதான் மூலம், சந்தியாகு இதன் திரிபு என்றேன். வேதத்தில் ஆபிரகாமின் பேரன், பன்னிரண்டு கோத்திரத்துக்குத் தகப்பன் என்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற குரலில் சொன்னேன். அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப அப்பாட பேரைத்தானே மாமா வைக்கிறம்?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

இதுதான் நான் செய்தது. அந்த ஒரு "ஓம்". அகராதிப்படி சரி. கேட்ட கேள்விக்குப் பொய். பெயரின் வேரைப் பற்றி அவள் கேட்கவில்லை. தன் தகப்பனைக் கடற்கரையில் நின்று எப்படிக் கூப்பிட்டார்களோ, அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்குமா என்று கேட்டாள். கேட்கக் கூடாது என்பதற்காகவே நான் அந்தத் தாளை வரைந்திருந்தேன். அவள் கேள்வி எனக்கு விளங்கியது. விளங்காதவன் போலப் பதில் சொன்னேன்.

மகன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாததை நான் சம்மதம் என்று எடுத்தேன்.

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். நான் அவ்வளவு காத்திருக்கவில்லை. அடுத்த கிழமையே மகனைக் கூட்டிக்கொண்டு பதிவாளரிடம் போனேன். அவள் மனம் மாறிவிடுவாள் என்ற பயம். படிவத்தை வாங்கி என் கையெழுத்தில் நானே நிரப்பினேன். மகன் ஒப்பம் மட்டும் வைத்தான். பங்குத்தந்தை கேட்டபோது, தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் விருப்பம் என்றேன். அவருக்குத் தடுக்கக் காரணமும் இல்லை. 1983இல் வந்த திருச்சபைச் சட்டம் கேட்பதெல்லாம் கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது என்பதுதான். யாகோவில் என்ன ஒவ்வாமை?

ஞானஸ்நான விருந்துக்குக் கேக் செய்வித்தேன். மேலே எபிரேய எழுத்தில் பெயர். கேக் செய்கிறவருக்கு எழுத்துக்களை ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்து கொடுத்திருந்தேன். வலமிருந்து வைக்க வேண்டும் என்று சொல்ல மறந்துபோனேன். அவர் நாங்கள் எழுதுகிறபடி இடமிருந்து வைத்துவிட்டார். பெட்டியைத் திறந்ததும் கண்டேன். பெயர் தலைகீழாக நின்றது. அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூட அங்கே இல்லை. ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். நான் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டி விளக்கம் சொன்னேன். பிழையாக நின்ற எழுத்துக்களுக்கு, பிழை என்று தெரிந்துகொண்டே.

எல்லோரும் விலகிய பிறகு சம்பந்தி குசினிப் பக்கத்திலிருந்து வந்தா. கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு கேக்குக்குக் கிட்ட நின்றா.

"மாஸ்டர், இதில அவற்ற பேர் எங்க கிடக்கு?"

மகள் சொல்லியிருக்கிறாள். அப்பாவின் பெயர்தான், மாமா அதன் பழைய எழுத்தில் எழுதுவிக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். நான் நாலு எழுத்தையும் சேர்த்துக் காட்டி, "இவ்வளவும்தான்" என்றேன். அவ குனிந்து கனநேரம் பார்த்தா.

"எனக்கு இந்த எழுத்துத் தெரியாது. நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

புருசனின் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அவ. உயிரோடு இருந்தபோதும் சொல்லவில்லை, போன பிறகும் சொல்லவில்லை. "அவர்" என்றுதான் சொல்லுவா. பேரனுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தாலும் அவ கூப்பிட்டிருக்க மாட்டா. மற்றவர்கள் கூப்பிடக் கேட்டிருப்பா. கேட்கத்தான் ஆசைப்பட்டா. படலைக்கு வெளியில் நின்று பொடியள் "டேய் சந்தியாகு, வாடா" என்று கத்துவார்கள். அவ உள்ளே அரிசி புடைத்துக்கொண்டு கேட்டிருப்பா. அவ்வளவுதான் அவவுக்கு வேண்டியிருந்தது. காசு செலவில்லாத ஆசை. அதை நான் கொடுக்கவில்லை. பேரனை அவ கடைசிவரை "தம்பி" என்றுதான் கூப்பிட்டா. 2019இல் செத்துப்போனா. அவவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது.

பிள்ளைக்கும் நட்டம்தான். பள்ளிக்கூடத்தில் யாக்கோவ், ஜாகோ, யாக்கோப்பு என்று ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினார்கள். ஒவ்வொரு தரமும் நான் போய்த் திருத்தினேன். தமிழில் எழுத முடியாத ஒரு தொண்டை ஒலி அந்தப் பெயரின் நடுவில் இருக்கிறது. எங்கள் ஊரில் அதை ஒருவரும் சரியாகச் சொல்லவும் இல்லை, சொல்லப்போவதும் இல்லை. என் வாயிலும் அது வராது. அப்படியென்றால் யாகோவும் ஒரு திரிபுதான். கரையோரச் சனம் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கிய திரிபைத் தள்ளிவிட்டு, நான் தனியாக ஒரு திரிபு செய்தேன்.

இதே கொழும்புத்துறையில்தான் யோகர் சுவாமிகள் இருந்தார். 1964இல் அவர் சமாதியடைந்தபோது நான் பொடியன். இளமையில் அவரை ஜோன் என்றும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜோனும் எபிரேயப் பெயர்தான். ஊருக்கு அது ஞாபகமில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊர் வைத்துக்கொண்டது யோகர் என்பதை.

நான் வேதம் வாசிக்கிறவன். தொடக்க நூலைப் பல தரம் முழுக்க வாசித்திருக்கிறேன். அதில் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறவர்கள் யார்? ஏவாள் சேத்துக்கு வைக்கிறாள். லேயாள் ரூபனுக்கும் சிமியோனுக்கும் லேவிக்கும் யூதாவுக்கும் வைக்கிறாள். ராகேல் யோசேப்புக்கு வைக்கிறாள். பிறகு சாமுவேல் நூலில் அன்னாள் சாமுவேலுக்கு. பெற்றவள் தன் கண்ணீரையும் ஆறுதலையும் பெயராக வைக்கிறாள். இது எனக்கு அந்தப் பின்னேரத்திலும் தெரியும். யாக்கோபு கண் தெரியாத தகப்பன் முன்னால் போய் நின்று, நீ யார் என்று கேட்டபோது மற்றவன் பெயரைச் சொல்லி ஆசீரை வாங்கியதும் தெரியும். எழுத்துத் தெரியாத ஒரு மனிசிக்கு முன்னால் நின்று நான் எழுத்தைக் காட்டியபோது அந்த அதிகாரம் எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிறகு ஒன்று வாசித்தேன். கிழக்கு ஐரோப்பிய வழி வந்த யூதர்கள், இறந்துபோன உறவினரின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்களாம். செபராதி யூதர் உயிரோடு இருக்கும் பாட்டன் பாட்டி பெயரையே வைப்பார்களாம். என் மருமகள் கேட்டது அச்சொட்டாக முதல் சொன்ன வழக்கம்தான். ஒரு எபிரேயச் சொல்லும் தெரியாமல் அவள் எபிரேய வழக்கத்தில் நின்றாள். நான் சொல்லை வைத்துக்கொண்டு வழக்கத்தைத் தள்ளினேன். வாசித்த அன்று இரவு நித்திரை வரவில்லை. ஆனால் அடுத்த நாள் அவளிடம் போனேன் என்று எழுத முடியாது. வருசக்கணக்காகப் போகவில்லை. வீட்டில் என் சொல்லுக்கு இருந்த மதிப்பு போய்விடும் என்று பயந்தேன்.

கடைசியில் போன வருசம் நவம்பர் 2 அன்று, சேமக்காலையால் வந்த பிறகு சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மீன் மணத்ததையும் சொன்னேன். இடாப்புப் பொடியனைச் சொன்னேன். கேக்கில் எழுத்துப் பிழை என்பதையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். உள்ளுக்குள் இன்னொன்றையும் எதிர்பார்த்தேன்: பரவாயில்லை மாமா என்பாள்.

அவள் இரண்டும் செய்யவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும் மாமா" என்றாள். "நான் பேரைச் சொன்ன உடனே உங்கட முகம் சுளிச்சது. நான் கண்டனான்."

பிறகு ஏன் அப்போது மறுக்கவில்லை என்று கேட்டேன்.

"நாங்கள் உங்கட வீட்டில இருக்கிறம். அவருக்கு அப்ப வேலை இல்லை. பால்மாவும் நீங்கள்தான் வாங்கித் தந்தனியள். நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது?"

இதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. என் கல்வி அவளை இணங்க வைத்தது என்றுதான் இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். கெட்டித்தனமாக ஏமாற்றினேன் என்ற குற்றத்தைத்தான் சுமந்துகொண்டு திரிந்தேன். அதற்குள்ளும் ஒரு பெருமை இருந்திருக்கிறது. அவள் ஏமாறவில்லை. நான் பேசிய கிரேக்கமும் லத்தீனும் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. பால்மாப் பைதான் பேசியிருக்கிறது. அமெரிக்க மிஷன்காரர் வட்டுக்கோட்டையில் படிக்க வந்த பிள்ளைகளுக்குத் தங்கள் நாட்டு உபகாரிகளின் பெயரை வைத்த கதையை வகுப்பில் எத்தனையோ தரம் ஏளனமாகச் சொல்லியிருக்கிறேன். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை. காசு கொடுத்தவன் பெயரை வைத்தான் என்று. என் வீட்டில் காசு கொடுத்தவன் நான்.

மகனின் மௌனமும் அப்போதுதான் விளங்கியது. வேலையில்லாத ஒருவன் தகப்பன் வீட்டு வாசற்படியில் இருந்தால் அப்படித்தான் இருப்பான். அவனிடம் நான் இன்னும் இதைப் பற்றிப் பேசவில்லை.

பெயரை மாற்ற வழி இருக்கிறது என்று சொன்னேன். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளருக்கு விண்ணப்பிக்கலாம், ஓடித்திரிகிறதெல்லாம் நானே செய்கிறேன் என்றேன். திரும்பவும் படிவத்தை என் கையில் எடுக்கப் பார்த்திருக்கிறேன். அவள்தான் அதைக் கண்டாள்.

"வேண்டாம். அவனுக்கு அது பழகின பேர். பள்ளிக்கூடத்தில எல்லாம் அதுதான். அவனுக்குப் பிடிச்சும் இருக்கு."

பிடித்திருக்கிறது என்பது உண்மை. பந்து விளையாடும்போது அவனைக் "கோவ்" என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரில் என் வெட்கம் இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கு அது வெறும் அவன் பெயர்.

அடுத்த வருசம் அவனுக்கு உறுதிப்பூசுதல். அப்போது ஒரு புனிதரின் பெயரைத் தெரிவுசெய்து எடுத்துக்கொள்ளலாம். தாய் அவனுக்கு அம்மப்பாவைப் பற்றி இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுகிறாள். சிறகுவலையைப் பற்றி, வள்ளத்துக்கு அவர் பூசிய நிறத்தைப் பற்றி. குசினிக்குள் அவர்கள் பேசுவது எனக்கு விறாந்தையில் கேட்கும். நான் எழும்பி உள்ளே போகப் பார்த்த ஒருநாள் அவள் கதவடியில் என்னை மறித்தாள்.

"அவன் என்ன பேர் எடுக்கிறதெண்டு அவன் பாத்துக்கொள்ளட்டும். நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ மாமா."

சரி என்றேன். இதுவரை சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையும் எழுதுவதாக இருந்தால் இதையும் எழுத வேண்டும். அவன் சந்தியாகு என்று எடுத்தால், பார்த்தாயா, உனக்கு ஒரே பெயர் இரண்டு தரம் என்று அவனுக்கு விளக்க வேண்டுமென எனக்கு வாய் துடிக்கிறது. அதற்கான தாளைக் கூட மனதுக்குள் வரைந்துவிட்டேன்.